இடி இடித்தால் நெட்டு போகும் ஊர்

வாயில் ஸ்க்ரூடிரைவர், தலையில் யூரியா சாக்கு, முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிய புடவை. இந்த அலங்காரத்தில் நான் தேசம்மாக்கா வீட்டு மொட்டை மாடியில் ஓர் இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கம்பத்தின் உச்சியில் எங்கள் வெள்ளைத் தட்டு. காலையில் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதே திசையை, எனக்கென்ன வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே வாசலில் நின்று தேசம்மாக்கா கத்தினார்.

"எம்மா கஸ்தூரி, டப்பாவுல பச்ச லைட்டு நல்லாத்தான் எரிஞ்சிக்கினு கீது! நீ இன்னாத்துக்கு மேல ஏறி நனைஞ்சிக்கினு கீற? எறங்கி வா, காப்பி ஆறிப்பூடும்."

அதுதான் எனக்கும் புரியவில்லை. இடி இடித்ததும் ஊர் முழுக்க நெட்டு போயிற்று. நான் ஸ்கூட்டரில் விழுந்தடித்து வந்து மாடி ஏறுவதற்குள் தானாகத் திரும்பி வந்துவிட்டது. பல்வலிக்காரன் டாக்டரைப் பார்த்ததும் வலி நின்றுபோவது மாதிரி.

அந்த ஐப்பசியில் மட்டும் எத்தனை முறை அந்த மாடியில் அப்படி நின்றேன் என்று கணக்கில்லை. காப்பி மட்டும் ஒவ்வொரு முறையும் நன்றாக இருந்தது.

தட்டும் டப்பாவும்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரித்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் ஆந்திர எல்லையில் இருக்கும் சத்தியவேட்டில் ஒரு சின்ன இன்டர்நெட் ஆபீஸ் நடத்துகிறோம். ஆபீஸ் என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேஜை, சுற்றும்போது முனகும் ஒரு ஃபேன். கேபிள் சத்தியவேடு வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் ஒரு ஏரியையும் ஒரு குன்றையும் தாண்டி இருக்கும் மேல்கண்டிகைக்குக் கம்பி இழுக்க யாரும் முன்வரவில்லை.

ஆகவே கம்பியில்லாமல் கொடுத்தோம். எங்கள் மாடியில் ஒரு தட்டு. அதற்கு நேரெதிரே, மேல்கண்டிகையில் தேசம்மாக்கா மாடியில் இன்னொரு தட்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் காற்றிலேயே பேசிக்கொள்ளும். தேசம்மாக்கா மாடியிலிருந்து ஊர் முழுக்க வீடு வீடாகப் போகும். அந்த ஊரில் செல்போனில் பேசத்தான் முடியும், அதுவும் ஜன்னலோரம் நின்றால். படம் பார்க்க வேண்டுமானால் எங்களை விட்டால் கதியில்லை.

தேசம்மாக்கா வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஊரிலேயே அதுதான் உயரம். போதாததற்கு அந்த வீட்டில் இன்வர்ட்டரும் உண்டு. கரண்ட் போனாலும் எங்கள் தட்டு விழித்திருக்கும். மேலே இருக்கும் தட்டுக்கு மின்சாரம் கொடுக்க ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன டப்பா. அதற்கு ஒரு வெள்ளை பிளக்.

அதை மாட்டிய அன்று என் வீட்டுக்காரர் தேசம்மாக்காவிடம் கைகூப்பிச் சொன்னார். "அக்கா, இந்த டப்பாவை உங்க புள்ள மாதிரி பத்திரமா பாத்துக்கணும்."

அக்கா தலையாட்டினார். ஒரு விஷயத்துக்குத் தலையாட்டினால் அதைச் செய்தே தீருகிற ஜாதி அவர்.

கீழே நின்று சொன்ன காரணங்கள்

என் வீட்டுக்காரர் திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர். அலை, அதிர்வெண், ஆன்டெனா என்று எதைக் கேட்டாலும் சொல்வார். ஒரே ஒரு குறை, உயரம் என்றால் அவருக்கு ஆகாது. ஏணியில் மூன்றாவது படிக்குமேல் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவார். அதனால் எங்கள் தொழிலில் அவர் கீழே நின்று காரணம் சொல்வார், நான் மேலே ஏறி ஸ்பேனர் பிடிப்பேன். கல்யாணமான புதிதில் நானும் கை நிறையக் கண்ணாடி வளையல், மல்லிகைப்பூ என்று நாசூக்காகத்தான் இருந்தேன். அந்தக் கதை வேறொரு வாரத்தில் வந்துவிட்டது.

இடி இடித்தால் நெட்டு ஏன் போகிறது? முதலில் அவர் மழையைச் சொன்னார். துளிகள் அலையைச் சிதறடிக்கின்றனவாம். இரண்டு நாள் படித்துவிட்டு அவரே வந்து, நம் அலைவரிசைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை, வானத்தைப் பார்க்கிற டிவி டிஷ்ஷுக்குத்தான் அந்தத் தொல்லை என்றார். மழைமேல் போட்ட வழக்கு அதோடு தள்ளுபடி.

அப்புறம் காற்று. தட்டு ஒரு விரல்கடை திரும்பினாலும் எதிர்த்தட்டின் பார்வையிலிருந்து விலகிவிடும் என்றார். நான் ஏறி, தட்டும் கம்பமும் சேருமிடத்தில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டேன். அடுத்த புயல் மழைக்கும் கோடு அசையவில்லை.

அப்புறம் மூட்டு. கேபிள் வந்து மாட்டும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் எல்லாம் கெட்டுவிடுமாம். திருப்பதிக்கு பஸ் பிடித்துப் போய் ரப்பர் டேப் வாங்கி, எலும்பு முறிந்த விரலுக்குப் போடுகிற மாதிரி கட்டுப் போட்டேன். அந்தக் கடைக்காரர் என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "பிடுகு மேடம், பிடுகு! தானிகி மந்து லேது" என்றார். இடிக்கு மருந்தே கிடையாது என்கிறார். அதைச் சொன்ன வாய் மூடுவதற்குள், மின்னல் வந்தால் தாங்கிக்கொள்ளும் என்று ஒரு குட்டி டப்பாவை எடுத்து என் பையில் போட்டார்.

கடைசியில் புளியமரம். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே ஒரு புளியமரக் கிளை நீட்டிக்கொண்டிருந்தது. ஈர இலை சிக்னலைக் குடித்துவிடும் என்றார். இது உண்மைதான், இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மரத்துக்காரர் ஒரு கிளையை வெட்டச் சம்மதிப்பதற்கு முன்னால் தன் முழங்கால் வலியின் வரலாற்றை ஆதியிலிருந்து சொன்னார். மத்தியானச் சோறு தவறிப்போகும் வரைக்கும் 'உம்' கொட்டினேன். கிளை விழுந்தது. அடுத்த இடிக்கு நெட்டும் விழுந்தது.

ஊர்க்காரர்கள் வேறு சும்மா இருந்தார்களா? மழை வந்தால் ரௌட்டருக்கு பாலித்தீன் கவர் போட்டு மூடுகிறவர்கள் இருந்தார்கள், வீட்டுக்குள்ளே. டியூஷன் வாத்தியார் ஒருவர் அதைச் சாமி அறையில் கொண்டுபோய் வைத்தார். போன் போட்டு, "மேடம், நெட்டு பூட்ச்சி" என்பவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "மேடம், வானம் கறுத்துக்கினு வருது, இன்னும் கொஞ்ச நேரத்துல பூடும், இப்பவே சொல்லி வெச்சிட்டேன்" என்பவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. எரிச்சல் என்னவென்றால், அவர்கள் சொன்னபடியே போய்விடும்.

நைனாவின் கரகர

ஊர் மின்னலைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பாடத்தை ரேடியோ கற்றுக்கொடுத்திருந்தது.

எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நிலக்கடலை காயப்போடும் நாட்களில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு களத்தில் உட்கார்ந்திருப்பார். பாட்டுக் கேட்க இல்லை. எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திக் காதை ஒட்டவைத்துக்கொள்வார். கரகரவென்று சத்தம் வந்தால் எங்கோ மின்னுகிறது என்று அர்த்தம். "நாயுடுபேட்ட பக்கம் ஊத்துது, சாக்க எடுங்கடி" என்பார். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் மழை வந்துவிடும்.

ஒரு நாள் கரகரப்பு ரேடியோவையே பிளந்தது. நைனா போட்ட கூச்சலில் எங்கள் கடலை மட்டுமல்ல, பக்கத்துக் களத்துக் கடலையும் மூட்டைக்குள் போனது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அடுத்த வீட்டில் அன்றைக்குத்தான் புதிதாக மிக்ஸி வாங்கி இட்லிமாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நைனாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டே இருந்தாள், அது அவருக்கு இன்னும் மோசமாகப் போயிற்று.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மின்னல் போடுகிற கூச்சல் பழைய ரேடியோ அலைவரிசையில்தான் அதிகம், நம் தட்டுகள் அதற்கு ரொம்ப உயரத்தில் பேசுகின்றன என்றார். கீழ்வீட்டில் சண்டை நடக்கும்போது மூன்றாம் மாடிக்காரன் நிம்மதியாகத் தூங்குவது மாதிரியாம். மின்னலால் நமக்கு ஆபத்து கம்பி வழியாகத்தான், கரண்ட் லைனிலோ கேபிளிலோ ஏறி வந்தால் பெட்டியைக் கருக்கிவிட்டுப் போகும்.

"ஆனா ஒண்ணுமே கருகலையே, கஸ்தூரி" என்றார். குரலில் உண்மையான வருத்தம். ஏதாவது ஒன்று கருகியிருந்தால் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அமுலுவின் இன்டர்வியூ

இப்போது அமுலுவைச் சொல்ல வேண்டும். தேசம்மாக்காவின் மருமகள். புத்தூரில் பி.காம். படித்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். ஸ்ரீ சிட்டியில் எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் ஃபேக்டரி லைனில் நின்று வேலை செய்கிறார்கள். அமுலுவுக்கு ஆபீஸில் வேலை வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கழுத்தில் கார்டு தொங்க.

அவளைவிட அந்த வேலையை அதிகம் ஆசைப்பட்டவர் தேசம்மாக்கா. ரேஷன் கடை, பால் சொசைட்டி, பஸ் ஸ்டாண்ட் என்று ஒரு இடம் விடாமல், "எம்மருமவ ஆபீஸ்ல குந்திக்கினு வேல செய்யப்போறா" என்று சொல்லிவைத்திருந்தார்.

முதல் இன்டர்வியூ வீடியோவில் வந்தது. தேசம்மாக்கா வீட்டில் டிவி சீரியல் சத்தம் ஓயாது என்பதால் அமுலு அடுத்த தெருவில் இருக்கும் தன் அம்மா வீட்டில் உட்கார்ந்து பேசினாள். அந்த வீட்டுக்கும் எங்கள் நெட்டுதான். நன்றாகப் போய்க்கொண்டிருந்ததாம். நடுவில் ஒரு இடி. நெட்டு போச்சு. திரும்பி வரும்போது அவர்கள் அடுத்த ஆளை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் நான் அந்தத் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் தேசம்மாக்கா பிடித்துக்கொண்டார்.

"உன் தட்டுல இடி விழ! ஒரு பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டியே! எம்மாடியில எடம் குடுத்தனே, என் புத்திய செருப்பால அடிக்கணும்! மானம் லேனி மொகம்!"

தமிழில் தொடங்கி, மானமில்லாத முகம் என்று தெலுங்கில் முடித்தார். தெருவே கூடிவிட்டது. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், யார்மேல் என்று தெரியாத கோபம்.

கொஞ்ச நாளில் அமுலுவுக்கு இன்னொரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள், ஸ்டோர்ஸ் ஆபீஸில் வேலை. அவள் எங்கள் ஷட்டருக்கு வந்து நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அக்கா, ஊர்ல எல்லாரும் கேட்டு சிரிக்கிறாங்க. இதுவும் பூட்ச்சின்னா நான் இதோட உட்டுர்றேன். இனிமே யாருக்கும் அப்ளை பண்ணமாட்டேன்."

வீம்புக்குச் சொல்கிற பெண் இல்லை அவள். "உங்க மாமியார் வீட்லயே குந்து. டப்பாவுக்குப் பக்கத்துலயே ரூம்பு. நானே வந்து டப்பா முன்னாடி காவல் குந்தறேன்" என்றேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "இடிக்கு எப்படிக் காவல் குந்துவ?" என்று கேட்டார். அவரை நான் பார்த்த பார்வையில் ஃபேனைச் சரிசெய்யப் போய்விட்டார்.

கடப்பாரை முதலில், அப்புறம் ஃப்ரிட்ஜ்

அன்றைக்கு மத்தியானம் உள்ளறையில் அமுலு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியாயிற்று. டிவியை அணைத்தாயிற்று. நான் ஹாலில் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டப்பாவை முறைத்துக்கொண்டிருந்தேன். சத்தியவேட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போனில், "லிங்க் சூப்பரா இருக்கு" என்று வர்ணனை கொடுத்தார். உள்ளேயிருந்து அமுலுவின் இங்கிலீஷ் கேட்டது. முதலில் தயங்கியது, அப்புறம் ஓடத் தொடங்கியது.

நாகலாபுரம் பக்கத்திலிருந்து வானம் கறுத்தது. தூரத்தில் முதல் இடி உருண்டது.

கொல்லைப்புறத்திலிருந்து தேசம்மாக்கா வேகமாக வந்தார். வாயில், இடி அண்டாமலிருக்கச் சொல்கிற "அர்ஜுனா பல்குணா, அர்ஜுனா பல்குணா". கதவுக்குப் பின்னால் இருந்த கடப்பாரையைத் தூக்கி வாசலில் எறிந்தார். இடி இறங்கினால் இரும்பை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிடும் என்பது எங்கள் ஊர் ஏற்பாடு. திரும்பி வந்து ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். சமையலறைக்குப் போய் மிக்ஸி. ஹாலுக்கு வந்து டிவி. அதே கை, அதே ஓட்டத்தில், கொஞ்சமும் நிற்காமல் எங்கள் வெள்ளை பிளக்குக்குப் போனது.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அக்கா! இன்னா பண்றீங்க?"

"இன்னா பண்றனா? எப்பவும் பண்றதத்தான் பண்றேன். இடி இடிக்குதில்ல?"

"எப்பவுமா?"

"மொத இடிக்கே புடுங்கிடுவேன். மழ உட்டதும் போட்டுருவேன். நீ வர்றதுக்குள்ள பச்ச லைட்டு எரிஞ்சிக்கினு இருக்கும்ல? உன் சாமான் மேல ஒரு கீறல் உழ உட்டிருப்பனா நானு? உன் ஊட்டுக்காரரு அப்படி கைய கூப்பி சொல்லிட்டுப் போனாரே!"

முகத்தில் அவ்வளவு பெருமை.

ரப்பர் டேப், சிவப்புப் பெயின்ட், திருப்பதிக் குட்டி டப்பா, புளியமரக் கிளை, முழங்கால் வலி எல்லாம் ஒரு தடவை என் கண்முன்னால் வந்து போயின. ஒன்றும் கருகாததன் காரணமும் விளங்கியது. கருகவிடாமல் ஒருவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

குரலை அடக்கிச் சொன்னேன். "அக்கா, இந்த பிளக்குல உங்க வீட்டு நெட்டு மட்டும் இல்ல. ஊரு நெட்டே இதுலதான் தொங்குது. இத புடுங்குனா எல்லார் வீட்லயும் பூடும்."

அக்கா பிளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கி, அவ அம்மா ஊட்ல அமுலு பேசிக்கினு இருந்தப்ப…?"

நடுத்தெருவில் வாங்கிய திட்டு முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. மனசார ஆசையாகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒகட்டி, ரெண்டு, மூடு

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், இல்லை. அடுத்த இடிக்கு அக்கா மறுபடி எழுந்தார்.

"இருந்தாலும் புடுங்கித்தான் ஆவணும் கஸ்தூரி. உள்ள புள்ள குந்திக்கினு கீது."

"தூரத்துல இடிக்குது அக்கா. ஒண்ணும் ஆவாது."

"எந்தம்பியும் அப்டித்தான் சொன்னான். தூரத்துல இடிக்குது, மீதி கடலையையும் புடுங்கிப் போட்டுட்டு வரேன்னான். கொல்லையிலேர்ந்து தூக்கிக்கினுதான் வந்தாங்க."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. அந்த பிளக்கை அவர் ஏன் பிடுங்குகிறார் என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை.

போனில் இருந்த என் வீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக மாடி ஏறாமல் முடிகிற ஒரு யோசனை சொன்னார். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள், பத்தைத் தாண்டி இடித்தால் தூரம். பத்துக்குள் இடித்தால் யோசிக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

அக்காவிடம் சொன்னேன். "சரே" என்றார். ஆனால் என் இரண்டு கையும் அவர் இரண்டு கையையும் பிடித்திருக்க வேண்டும் என்று அவரே நிபந்தனை போட்டார். "என் கைய நானே நம்பமாட்டேன்" என்றார்.

மின்னியது. இருவரும் எண்ணினோம். அக்கா பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கில். ஒவ்வொரு எண்ணையும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "ஒகட்டி… ரெண்டு… மூடு…" நானோ ரேஸுக்குப் போகிற மாதிரி ஒண்ணுரெண்டுமூணுநாலு என்று ஓடினேன். இடி இடித்தது.

"பன்னெண்டு!" என்றேன்.

"ஐது!" என்றார் அக்கா. அஞ்சாம்.

"அக்கா, நீங்க மெதுவா எண்றீங்க."

"நீ ஏன் அவ்ளோ ஓடற? பஸ்ஸு பூடுதா?"

சண்டை போடக்கூட நேரமில்லை, மறுபடி மின்னியது. இந்த முறை எனக்குப் பத்தரை, அவருக்கு நாலு. பத்தரை என்று ஒரு எண் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். வாய் "அர்ஜுனா பல்குணா"வுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "அர்ஜுனா ரெண்டு, பல்குணா மூடு" என்று போனது. என் கையில் மிச்சமிருந்த வளையலில் இரண்டு அவர் பிடியில் உடைந்தன. அவர் ஒவ்வொரு இடிக்கும் நடுங்கினார். ஆனாலும் அந்த பிளக் பக்கம் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் ஓடுகிற இங்கிலீஷைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று அந்த இங்கிலீஷ் நின்றது.

"ஹலோ? மேடம்? ஹலோ?"

கதவு படாரென்று திறந்தது. அமுலு கண்ணில் நீரோடு நின்றாள். இடி இடித்தால் ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் பிடுங்குகிற மாமியாரின் ஞாபகம்தான் நெட்டு போனதுமே அவளுக்கு வந்திருக்கிறது.

"அத்த! இதையும் புடுங்கிட்டீங்களா?"

அக்கா என் கைகளோடு சேர்த்துத் தன் கைகளைத் தூக்கிக் காட்டினார். "நான் இல்லடி கண்ணு! பாரு, இந்தம்மா புடிச்சிக்கினு கீது! சாமி சத்தியமா நான் இல்ல!"

டப்பாவைப் பார்த்தேன். பச்சை எரிந்தது. பிளக் இருந்த இடத்தில் இருந்தது. போனில் என் வீட்டுக்காரர் கத்தினார், "லிங்க் அப்படியே இருக்கு! நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு!"

அந்தப் பக்கம்

அமுலுவின் செல்போன் அடித்தது. ஜன்னலோரம் ஓடி ஸ்பீக்கரில் போட்டாள். இன்டர்வியூ எடுத்த மேடம்தான். பதற்றத்தில் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் பேசினார்.

"சாரிம்மா, இங்க இடி, மழை. எங்க நெட் மொத்தமா போயிடுச்சு. ஐ.டி. ஆள் வேற இன்னிக்கு லீவு. இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?"

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். தேசம்மாக்காவின் பிடி இறுகியது.

அமுலு கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்த்தாள், எங்கள் இருவரின் கைகளைப் பார்த்தாள், வெள்ளை பிளக்கைப் பார்த்தாள். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

"மேடம், ஒரு நிமிஷம். உங்க நெட் பாக்ஸ் இருக்கிற எடத்துல யாராச்சும் பிளக்க புடுங்கியிருப்பாங்க. செக்யூரிட்டியோ, ஆயாவோ, யாருனா பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க. ஆனா திட்டாதீங்க மேடம். திட்டுனா சொல்லமாட்டாங்க. பத்திரமா வெச்சதுக்கு நன்றின்னு சொல்லிக் கேளுங்க."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் போனது. தூரத்தில் பேச்சுக் குரல்கள். அப்புறம் மேடத்தின் சிரிப்பு முதலில் வந்தது, குரல் பின்னால் வந்தது.

"எங்க செக்யூரிட்டி தாத்தாதான்மா! முதல் இடிக்கே மெயின் பிளக்கைப் பிடுங்கி வெச்சிருக்காரு. எப்பவுமே அப்படித்தானாம்! நாங்க இத்தனை நாளா நெட் கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருக்கோம். அவரைக் கேக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

அமுலு தன் மாமியாரைப் பார்த்தாள். "எங்க வீட்லயும் ஒருத்தங்க கீறாங்க மேடம்" என்றாள்.

அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. கேட்க வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே கேட்டாயிற்று, ஸ்டோர்ஸில் ஆட்களிடம் திட்டாமல் வேலை வாங்கத் தெரிந்த ஆள்தான் தேவை என்றார் மேடம். திங்கட்கிழமை சர்டிஃபிகேட்டோடு வந்து சேர்ந்துவிடச் சொன்னார்.

போன் நின்றதும் அமுலு மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுதது அமுலுவா, அக்காவா, நானா என்று கேட்டால் மூவரும் என்றுதான் எழுத வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் முழுக்க வெள்ளையானது. நான் "ஒண்" என்றேன். அக்கா "ஒக" என்றார். வீடு அதிர்ந்தது. எதிர்வீட்டுத் தென்னையிலிருந்து ஏதோ முறிந்து விழுந்தது.

அக்காவின் கைகள் என் பிடியில் இருந்தன. அவர் அசையவே இல்லை. வேலை கிடைத்த மயக்கத்தில் பிடுங்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நான்தான் கையை உதறிக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து வெள்ளை பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னலில் ஸ்பீக்கர் போட்டு வைத்திருந்த போனில் என் வீட்டுக்காரரின் குரல், இத்தனை மாத ஆராய்ச்சிக்குக் கிடைத்த பரிசு மாதிரி உற்சாகமாக ஒலித்தது.

"லிங்க் போச்சு, கஸ்தூரி! பாத்தியா? இடிதான்! கம்பி வழியா ஏறிடுச்சு, நான் அப்பவே சொன்னேன்ல?"

"இடி இல்லீங்க. நான்தான் புடுங்கினேன்."

"நீயா? ஏன்?"

"பயமா இருந்துச்சு."

அதற்குள் இன்னொரு அழைப்பு வந்து குறுக்கிட்டது, அப்புறம் இன்னொன்று. ஊர் விழித்துக்கொண்டது.

"சரி, எப்பத் திரும்பப் போடுவ? எல்லாரும் கேப்பாங்களே, நான் இன்னா சொல்றது?" என்றார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் தேசம்மாக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார். இடியைவிட உரக்கக் கத்தினார்.

"இப்பப் போடமாட்டோம்னு சொல்லு! ஊரு கொஞ்ச நேரம் சும்மா குந்திக்கினு இருக்கட்டும்! எங்க அமுலுக்கு வேல வந்தாச்சி!"